மீதிப் பணம் நான்கு மாதமாக வரவில்லை, இப்போது ரா கோப்புகளையும் கேட்கிறார்கள்: கொடுக்கத்தான் வேண்டுமா?

தொண்ணூறடி ரோடு (கேள்வி, ஜூன் 14)

எங்களுடையது மூன்று பேர் கொண்ட சிறிய ஸ்டுடியோ. மும்பை தாராவியில், தொண்ணூறடி சாலையிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு காலாவின் (சிறு தொழிற்கூடக் கட்டடம்) மாடியில் 280 சதுர அடி இடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். புகைப்படம் என் பொறுப்பு. வீடியோவையும் எடிட்டிங்கையும் தம்பி பார்த்துக்கொள்கிறான். லைட் பிடிப்பது முதல் தேநீர் வாங்கி வருவது வரை எல்லாவற்றுக்கும் ஒரு பையன் இருக்கிறான். முகூர்த்த மாதங்களில் கல்யாணம், மற்ற மாதங்களில் தோல் பொருள், நகை, பலகாரக் கடை என்று பிழைப்பு நடக்கிறது.

இந்த ஜனவரியில் தோல் பைகள் விற்கும் ஒரு நிறுவனத்திற்காக 14 பைகளைப் படம் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனில் "எடிட் செய்த 62 படங்கள், 4 ரீல்கள்" என்று மட்டுமே எழுதியிருந்தேன்; வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லை. பிப்ரவரி 10 அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்து, 12ஆம் தேதி பில் போட்டோம். வேலைக்கு 1,86,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 33,480 ரூபாய், ஆக மொத்தம் 2,19,480 ரூபாய். முன்பணமாக 50,000 வந்தது. மீதி 1,69,480 ரூபாய் இன்று வரை வரவில்லை. வராத பணத்துக்கான வரியை மட்டும் மார்ச் 20க்குள் எங்கள் கையிலிருந்து கட்டிவிட்டோம்.

போன வாரம் அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் மார்க்கெட்டிங் அலுவலர் அழைத்தார். படம் எடுத்தபோது பதிவான எல்லா ரா கோப்புகளையும் (கேமராவில் பதிவானபடியே இருக்கும், எடிட் செய்யாத மூலக் கோப்புகள்), வீடியோவின் ரஷஸ் (வெட்டித் தொகுக்காத பதிவு) முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தந்தால் "கணக்கையும் அப்போதே முடித்துவிடலாம்" என்றார். சுமார் 1,900 ஃபிரேம்கள் இருக்கின்றன. ரா மட்டும் 76 ஜிபி வரும்.

எனக்கு ஏன் தயக்கம் என்பதைச் சொல்ல வேண்டும். கறுப்புத் தோல் பையைப் படம் எடுத்தவர்களுக்கு இது புரியும். பை தொய்ந்துவிடாமல் இருக்க உள்ளே பழைய தினத்தாளைக் கசக்கித் திணிக்கிறோம். கைப்பிடி நிமிர்ந்து நிற்பதற்குத் தூண்டில் நரம்பால் மேலே கட்டித் தொங்கவிடுகிறோம். பித்தளை பக்கிளில் கேமராவும் என் முகமும் தெரியாமல் இருக்கச் சுற்றிலும் பட்டர் பேப்பரைக் கூடாரம்போல் கட்டுகிறோம். பையின் உடலுக்கு ஒரு ஃபிரேம், பக்கிளுக்கு ஒன்று, தையலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கிறோம். ஆகவே ரா கோப்பைத் திறந்தால் நரம்பு தெரியும், வாரைப் பிடித்திருக்கும் பையனின் இரண்டு விரல்கள் தெரியும், பக்கிள் இருட்டாகக் கிடக்கும். சமையல் முடியாத அடுப்படியை விருந்தாளிக்குத் திறந்து காட்டுவது போன்ற கூச்சம் அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவருக்கு ரா கொடுத்தபோது, அவர்கள் ஆரஞ்சு நிற ஃபில்டர் ஒன்றைப் போட்டு, எங்கள் ஸ்டுடியோ பெயரையும் சேர்த்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார்கள்.

ரா கோப்புகளைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டா? பணம் வரும் வரை கொடுக்க மறுப்பது முறையா?

முலுண்ட் மணவறை

நண்பரே, அந்த 14 பைகளும் உங்களிடம்தானே இருக்கின்றன? பணம் வரும் வரை அவற்றைத் திருப்பித் தராதீர்கள், தானாக வழிக்கு வருவார்கள். நாங்கள் கல்யாண வேலை மட்டுமே செய்கிறோம். ஆல்பத்துக்கு ஒப்புதல் தந்து கணக்கு முடிந்த பிறகு, வாடிக்கையாளரே வாங்கிவரும் ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடுவோம். அவர்களில் எவரும் அதைத் திறந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

கோட்டை வக்கீல்

பைகளைப் பிடித்து வைக்கும் யோசனையை முதலில் ஒதுக்குங்கள். ஜூன் பிறந்து மழை தொடங்கிவிட்டது. மூடிய அறையில் கிடக்கும் தோலில் பூஞ்சை பிடிக்கப் பல நாட்கள் வேண்டாம். அதன் பிறகு பணம் கேட்கும் இடத்திலிருந்து நீங்கள் இழப்பீட்டுக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். புகைப்படத் தொழிலில் இருக்கும் பலரும் "எடுத்தவனுக்கே உரிமை" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பொது விதி அதுவே என்றாலும், 17ஆவது பிரிவின் (பி) உட்பிரிவு அதற்கு ஒரு விலக்கை வைத்திருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், கட்டணத்துக்காக எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்று அது சொல்கிறது. வீடியோவும் இதில் அடங்கும் என்பதால் உங்கள் ரீல்களின் நிலையும் அதுதான். உங்கள் வாட்ஸ்அப் கொட்டேஷனில் உரிமையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாததால், படங்களின் பதிப்புரிமை அவர்களுடையது என்று வாதிட அவர்களுக்கு வலுவான இடம் இருக்கிறது. பணம் பாக்கி இருப்பது மட்டுமே அதை மாற்றிவிடாது, ஏனெனில் தருவதாக ஒப்புக்கொண்ட கட்டணமும் சட்டத்தின் பார்வையில் கட்டணமே.

ஆனால் பதிப்புரிமை யாருடையது என்பதும், எந்தக் கோப்பை ஒப்படைக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டாவதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டதே விடை: எடிட் செய்த 62 படங்கள், 4 ரீல்கள். அவற்றை பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டீர்கள். ரா கோப்புகளைத் தருவதாக நீங்கள் எங்கும் சொல்லவில்லை, ஆகவே அது புதிய வேலை, புதிய விலை என்று நீங்கள் சொல்வதில் தவறில்லை.

ஆரஞ்சு ஃபில்டர் குறித்து: உரிமை கைமாறிய பிறகும் படைப்பாளியின் பெயருக்கும் மதிப்புக்கும் 57ஆவது பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது, படைப்பைச் சிதைத்துப் படைப்பாளியின் நற்பெயருக்குக் கேடு விளைவித்தால் தடை கேட்கலாம். ஒரு ஃபில்டருக்காக நீதிமன்றப் படி ஏறச் சொல்ல மாட்டேன். அவர்களாக மாற்றிய படத்தில் ஸ்டுடியோ பெயரைப் போடக்கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்கினால் போதும்.

அந்தேரி எடிட்டர்

இங்கே ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு ரா எதற்கு?

நான் இப்போது அந்தேரியில் வீடியோ எடிட்டராக இருந்தாலும், அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஆன்லைன் விற்பனை செய்யும் ஒரு நிறுவனத்தின் படப் பிரிவில் வேலை பார்த்தேன். அதாவது ஹார்ட் டிஸ்க் கேட்டு ஸ்டுடியோக்களைத் தொந்தரவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. நாங்கள் "ரா" என்று சொன்ன பத்துத் தடவைகளில் ஒன்பது தடவை எங்களுக்கு வேண்டியிருந்தது ரா அல்ல. ஒரு உதாரணம் சொல்கிறேன். அமேசானில் பொருளின் முதன்மைப் படத்துக்குப் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், அதாவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) மூன்றிலும் 255. பொருள் படச் சட்டகத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். நீங்கள் அழகாகச் சாம்பல் நிறப் பின்னணியில், நிழல் விழ, பையைச் சற்று ஓரமாக வைத்து எடுத்துக் கொடுத்த ஜேபெக் அங்கே உதவாது. உடனே மேலதிகாரி "ஒரிஜினலை வாங்கு" என்பார், புதிதாகச் சேர்ந்தவர் உங்களுக்கு ஃபோன் போடுவார்.

அவருக்குத் தேவை லேயர்கள் (அடுக்குகள்) பிரிக்கப்பட்ட பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷாப் கோப்பு: பை ஒரு லேயரில், நிழல் ஒரு லேயரில், பின்னணி ஒரு லேயரில், பையைச் சுற்றிய பாத் (வெட்டுக்கோடு) சேமிக்கப்பட்டதாக. உங்கள் பக்கிள் ஃபிரேமையும் தையல் ஃபிரேமையும் அவரால் ஒட்டவே முடியாது. 1,900 ரா கோப்புகளைக் கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடியும் உங்களுக்கே ஃபோன் வரும். அழைத்து, எந்தத் தளத்துக்கு, எந்த அளவில், எத்தனை படங்கள் என்று கேளுங்கள். அனேகமாக உங்கள் கூச்சத்துக்கும் அங்கேயே தீர்வு கிடைத்துவிடும். பிஎஸ்டியில் தூண்டில் நரம்பு இருக்காது அல்லவா?

வீடியோ ரஷஸ் வேறு விஷயம். நான்கு ரீல்களுக்கு எத்தனை மணி நேரம் ஓட விட்டிருக்கிறீர்கள் என்று தெரியாது; 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் பதிவு செய்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதைத் தேதிவாரியாகப் பிரித்து, பெயரிட்டு, நகலெடுத்து, சரிபார்த்துக் கொடுப்பது தம்பியின் ஒரு முழு நாள். அந்த நாளுக்கு விலை போடுங்கள். பின்னணி இசையின் உரிமம் உங்கள் ஸ்டுடியோ பெயரில் இருந்தால் இசைக் கோப்பைத் தனியாகக் கொடுக்காதீர்கள்.

இனிமேல் அனுப்பும் கொட்டேஷனில் இப்படி எழுதுங்கள், நான் பத்து ஆண்டுகளாக இதைத்தான் எழுதுகிறேன்: "மேலே குறிப்பிட்ட இறுதிக் கோப்புகள் மட்டுமே ஒப்படைக்கப்படும். ரா கோப்புகள், ரஷஸ், லேயர் கோப்புகள் இதில் சேராது. தேவைப்பட்டால் தனிக் கட்டணம். முழுத் தொகையும் வந்து சேரும் நாள் வரை பதிப்புரிமை ஸ்டுடியோவிடம் இருக்கும்." நான்கு வரிகள்தான். அந்தக் கடைசி வரி இருந்திருந்தால் வக்கீல் ஐயா சொன்ன 17ஆவது பிரிவின் விலக்கு உங்களைத் தொட்டிருக்காது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

வரவு செலவு

நான் செம்பூரில் கணக்குத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். கோப்பைப் பற்றி மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கிலேயே ஒரு பிழை. உங்களுக்கு வர வேண்டியது 1,69,480 ரூபாய் அல்ல. அவர்கள் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்துத்தான் தருவார்கள். ஒப்பந்த வேலை என்று கொண்டால் உங்களைப் போன்ற பங்குதாரர் நிறுவனத்துக்கு 2 சதவீதம், தொழில்முறைக் கட்டணம் என்று கொண்டால் 10 சதவீதம், அதுவும் ஜிஎஸ்டி நீங்கலான தொகையின் மீது. எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதை வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கான அறிக்கையை மே 31க்குள் அவர்கள் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பதால் இப்போது அதில் தெரியும். பணம் தராமலே, பில்லைக் கணக்கில் ஏற்றியபோதே டிடிஎஸ் கட்டியிருந்தால், உங்கள் பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. "வேலை திருப்தியில்லை" என்று பிற்பாடு சொல்ல வழியிருக்காது. இதைப் பார்க்காமலே ஆறு மாதம் கெஞ்சிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, உங்களுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? வேலைக்கு முன்பே பதிவு செய்திருந்தால்தான் இனி நான் சொல்வது முழுமையாக உதவும். பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது கைகொடுப்பது கடினம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள், அதுவும் எந்நிலையிலும் 45 நாட்களைத் தாண்டாமல், தர வேண்டும். ஒப்பந்தத்தில் நாள் குறிக்கவில்லை என்றால் 15 நாட்கள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. இதற்கான அரசு இணையதளத்தில் முறையீடு செய்தால், பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையதளங்களிடம் ஏமாறாதீர்கள்.

இதைவிட அவர்களுடைய கணக்காளருக்கு உறைக்கும் செய்தி வேறு. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. எந்த ஆண்டில் உண்மையில் பணம் தருகிறார்களோ அந்த ஆண்டில்தான் காட்டலாம். நீங்கள் வேலையை ஒப்படைத்தது பிப்ரவரி 10. அதிகபட்சமான 45 நாட்களை எடுத்துக்கொண்டாலும் மார்ச் 27, நிதியாண்டு முடிய நான்கு நாள் முன்பு. போதாததற்கு, பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள், அதாவது ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள், உங்களுக்குப் பணம் தராவிட்டால் உங்கள் பில்லின் பேரில் அவர்கள் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகையை (பில்லில் உள்ள ஜிஎஸ்டியைத் தங்கள் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். நீங்கள் கையிலிருந்து கட்டிய அந்த 33,480 ரூபாயின் பேரில்தான் அவர்கள் சலுகை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மார்க்கெட்டிங்காரரிடம் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். கணக்குப் பிரிவுக்கு, உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு, கோபமில்லாமல் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். ரா கோப்பையும் பாக்கியையும் ஒரே மின்னஞ்சலில் கலக்காதீர்கள். கலந்தால் "கோப்பு வரவில்லை, அதனால்தான் பணம் தரவில்லை" என்று சொல்ல நீங்களே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

நெகட்டிவ் பெட்டி

தம்பி, கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் தரைத்தளத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. படம் வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் ஸ்டுடியோவுக்கு. கவரின் மேல் எண்ணை எழுதி, பேரேட்டில் பதிந்து, பெட்டியில் அடுக்கிவிடுவோம். தாராவியில் கல்யாணம் செய்துகொண்ட திருநெல்வேலிக் குடும்பங்கள் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து அந்த எண்ணோடு வருவார்கள். தகப்பனார் இறந்துபோயிருப்பார், கல்யாணக் கூட்டத்தில் நிற்கும் அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு ஃபிரேம்தான் என்பதால் அவர் ஒரே ஒரு படத்தில், அதுவும் பின்வரிசையில், பாதி முகம் மறைந்து நிற்பார். நெகட்டிவின் மேலேயே கூர் சீவிய பென்சிலால் ரீடச் செய்து, அதைச் சட்டம் போட்டு மாட்டும் படமாக ஆக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த வருமானம் கல்யாண வருமானத்தைவிட நிம்மதியானது. ஆகவே நெகட்டிவை யாருக்கும் தர மாட்டேன் என்பதில் நான் உங்களைவிடப் பிடிவாதக்காரன்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எங்கள் கடைக்குள் தண்ணீர் மார்பளவு நின்றது. இரண்டு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கியபோது கீழ் நான்கு தட்டுப் பெட்டிகளும் ஊறிக் கிடந்தன. நனைந்த நெகட்டிவைத் தண்ணீரிலேயே வைத்திருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பதற்றத்தில் அடுக்கோடு வெயிலில் வைத்துவிட்டேன். ஜெலட்டின் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்ததும் செங்கல் செங்கலாக ஆகிவிட்டது. அதன் பிறகும் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். பேரேடு மேல் தட்டில் இருந்ததால் பத்திரமாக இருந்தது, அதில் அவர்கள் பெயர் இருந்தது, படம் இல்லை.

அன்றிலிருந்து கடையை மூடும் வரை, கணக்கு முடிந்தவர்களுக்கு நெகட்டிவைக் கையோடு கொடுத்து, நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டேன். உங்கள் 1,900 கோப்புகளும் இப்போது எத்தனை இடத்தில் இருக்கின்றன? ஒரே டிஸ்கில் என்றால், கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் முன் இன்னொரு நகல் எடுத்து வேறொரு வீட்டில், மாடியில் வையுங்கள். கணக்கு முடிந்ததும் நல்ல விலை சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அடுப்படியை விருந்தாளி பார்த்தால் என்ன, அவரும் வீட்டில் சமைக்கிறவர்தானே.

தொண்ணூறடி ரோடு (ஜூன் 23)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

26ஏஎஸ் படிவத்தில் அவர்கள் பெயரில் 18,600 ரூபாய் ஏறியிருந்தது. பத்து சதவீதம் பிடித்திருக்கிறார்கள். ஆகவே உண்மையில் வர வேண்டியது 1,50,880 ரூபாய். உத்யம் பதிவை 2023இல் வங்கிக் கடனுக்காகச் செய்துவிட்டு மறந்தே போயிருந்தேன். சான்றிதழ் தம்பியின் மின்னஞ்சலில் கிடந்தது. கணக்குப் பிரிவுக்கு வரவு செலவு சொன்னபடி எழுதினேன். முதல் நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் 80,000 ரூபாய் வந்தது.

அந்தேரிச் சகோதரி சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. மார்க்கெட்டிங் அலுவலருக்கு வேண்டியவை சதுர அளவில், வெள்ளைப் பின்னணியில், ஒன்பது பைகளின் படங்கள். போதாததற்குத் தீபாவளி பேனருக்காக நிழல் இல்லாத கட்அவுட்கள் (பின்னணியை வெட்டி நீக்கிய படங்கள்). ரா என்றால் என்ன என்று அவரிடம் கேட்டபோது "எடிட் பண்ண முடிகிற ஃபைல்" என்றார். பிஎஸ்டிக்குத் தனிக் கட்டணம் சொன்னேன், அதிகம் பேரம் பேசவில்லை. ரஷஸ் பேச்சே பிறகு எழவில்லை.

பைகளைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது, அடித்தட்டில் இருந்த பழுப்பு நிறப் பையின் மூடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பையன் தூசி என்று நினைத்து ஊதினான், போகவில்லை. உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு நாள் ஃபேன் காற்றில் வைத்த பிறகே அனுப்பினோம். 14 பைகளுக்கும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. அதே தட்டில் இருந்த எங்கள் பழைய 50 எம்எம் லென்ஸையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை தொடங்கியிருக்கிறது, அதற்கு வேறு செலவு.

ஐயா, கோப்புகள் ஒரே டிஸ்கில்தான் இருந்தன. இப்போது இரண்டாவது நகல் செம்பூரில் அக்கா வீட்டில், நான்காவது மாடியில் இருக்கிறது. மீதி 70,880 ரூபாயும் பிஎஸ்டிக்கான தொகையும் வெள்ளிக்கிழமை வரும் என்று அவர்களுடைய கணக்காளர் எழுதியிருக்கிறார். பிஎஸ்டி கோப்புகளின் லிங்க் தயாராக இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை.